ஒன்றியப் பள்ளிக்கு உடையவர் யார்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் குடியேறி, அந்நாட்டுப் பிரஜையாகவும் ஆகிவிட்ட என் தம்பி மகன், அண்மையில் தொலைபேசியில் பேசுகையில், தன் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களைப் பரிபாலிக்கும் வாரியத்துக்குத் தேர்தல் நடந்ததென்றும், தானும் வரிசையில் நின்று வாக்களித்து வந்ததாகவும் பெருமையோடு சொல்லிவிட்டு, "அது சரி பெரியப்பா, நம்ம பொழிச்சலூர்ல பள்ளிக்கூடத்துக்கு யார் பொறுப்பு? யாருக்கு ஓட்டுப் போட்டா பள்ளிக்கூடம் சரியாகும்?" என்று கேட்டான். "ஒருத்தர்னு விரலைக் காட்டிச் சொல்ல முடியாதுப்பா, எழுதி அனுப்புறேன்" என்று சொல்லி வைத்தேன். கடிதமாகத் தொடங்கியது, எனக்கே உரிய நீட்டி முழக்கும் சுபாவத்தினால், இந்தப் பதிவாக வளர்ந்துவிட்டது.

அவன் வாழும் தேசத்து ஏற்பாட்டை முதலில் இரண்டு வரியில் சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்காவில் பள்ளிக்கல்வியை நிர்வகிப்பதற்கென்றே ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. நகராட்சி வேறு, பள்ளி மாவட்டம் வேறு. ஊரார் தேர்ந்தெடுக்கும் வாரியம் ஒன்று, டெக்சாஸில் பெரும்பாலும் ஏழு பேர் கொண்டது, சம்பளமில்லாமல் கூடி, கல்வி நிர்வாகியை நியமித்து, வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றி, வீட்டு வரியில் பள்ளிக்கூடத்துக்கென எத்தனை விழுக்காடு என்பதையும் தீர்மானிக்கிறது. கேட்பதற்கு ராமராஜ்யம் போலத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு வரியால் நடக்கும் பள்ளிக்கூடம், மாளிகைகள் நிறைந்த பகுதியில் செழிப்பாகவும் குடிசைகள் நிறைந்த பகுதியில் வறட்சியாகவும் இருக்குமென்பதை ஊகிக்கப் பெரிய மேதாவிலாசம் வேண்டியதில்லை. சான் அன்டோனியோ நகரத்து எட்ஜ்வுட் என்னும் ஏழைப் பகுதியின் பெற்றோர் இந்த அநியாயத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போராடி, 1973இல், ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாக நின்ற தீர்ப்பில் தோற்றார்கள். பின்னர் 1993இல்தான் பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை எடுத்து ஏழை மாவட்டங்களுக்குக் கொடுக்கும் சட்டம் டெக்சாஸில் வந்தது. ஆகவே, தம்பி மகனின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஊரார் கையில் அதிகாரம் இருப்பது ஒன்று, ஊரின் தரித்திரமும் அந்த அதிகாரத்தோடு கூடவே பள்ளிக்குள் நுழைவது மற்றொன்று என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இனி நம் ஊர். வெளியூரார் பொழிச்சலூரை அறிவது, வட திருநள்ளாறு என்று பெயர்பெற்ற அகஸ்தீஸ்வரர் கோயிலாலும், சனிப்பெயர்ச்சி தினத்தன்று அதன் வாயிலில் நீளும் வரிசையாலும்தான். மற்றபடி, ஒரு பக்கம் விமான நிலையத்துச் சுற்றுச்சுவர், ஒரு பக்கம் அடையாறு, ஒரு பக்கம் பம்மல் என்று மூன்றுக்கும் நடுவே நெருக்கிப் பிடித்து வளர்ந்த ஊர் இது. 2021 நவம்பரில், தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கித் தாம்பரம் மாநகராட்சி அமைத்தபோது, பம்மலும் அனகாபுத்தூரும் உள்ளே போயின. அவற்றை ஒட்டிக் கிடக்கும் பொழிச்சலூர் வெளியே நின்று, கிராம ஊராட்சியாகவே இருந்துவிட்டது. பம்மலிலிருந்து நடந்து வருகிறவன் எந்தக் கடைக்கும் எந்தக் கடைக்கும் நடுவில் மாநகரம் முடிந்து கிராமம் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. குப்பைத்தொட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தால்தான் உண்டு.

கிராம ஊராட்சி என்பதால், நாம் புனித தோமையார்மலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவர்கள். பரங்கிமலையின் பெயரைத் தாங்கிய அந்த ஒன்றியத்துக்கு அலுவலகம் இருப்பது சிட்லபாக்கத்தில். சிட்லபாக்கமோ இப்போது மாநகராட்சியைச் சேர்ந்த இடம். இவ்விதமாக, தன் பெயரிலுள்ள மலையும் தன் அலுவலகம் நிற்கும் மண்ணும் தன் ஆட்சிக்கு வெளியே போய்விட்ட ஒன்றியம் இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எங்கள் வட்டாரத்துச் சிறுபிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளின் முகப்பில் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்றோ "ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி" என்றோ நீலத்தில் வெள்ளையாக எழுதியிருக்கும். இதைப் படிக்கிற எவரும், பள்ளிக்கூடம் ஒன்றியத்துக்குச் சொந்தம், ஒன்றியக் குழுவுக்கு நாம் தேர்ந்தெடுத்த உறுப்பினர் அதற்குப் பொறுப்பு என்று நினைத்தால் அது இயல்பே. அப்படி ஒரு காலம் இருந்ததும் உண்மையே.

அந்தக் காலத்தின் வேர் ரிப்பன் பிரபுவிடம் போய் முடிகிறது. ஸ்தல விஷயங்களை ஸ்தலத்தாரே நிர்வகிக்கப் பழகவேண்டும் என்று 1882 மே மாதத்தில் அவர் வெளியிட்ட தீர்மானத்தை ஒட்டி, சென்னை ராஜதானியில் 1884இல் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் இயற்றப்பட்டு, ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அதற்குக் கீழே கிராம யூனியன் என்று மூன்று படிகள் ஏற்பட்டன. சாலையும் சத்திரமும் ஆஸ்பத்திரியும் போலவே பள்ளிக்கூடமும் அந்தப் போர்டுகளின் கைக்கு வந்தது. அந்நாளில் நம் ஊர் செங்கற்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. 1920ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, கல்விக்கென்றே ஜில்லாதோறும் தனி மன்றம் ஒன்றை ஏற்படுத்தி, கல்வி வரி விதிக்கவும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு வழி செய்தது. டெக்சாஸ்காரனின் பள்ளி மாவட்டத்துக்குச் சமீபமாக நாம் சென்றது அந்த ஒரு சமயத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். அந்த மன்றங்கள் நீடிக்கவில்லை, பிற்பாடு கலைக்கப்பட்டன. தாலுகா போர்டுகளும் 1930களில் மறைந்தன.

பழைய போர்டு ஆட்சியைப் பொற்காலமாக வர்ணிக்கும் பெரியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, உடன்பாடு இல்லை. ஊரார் ஆட்சி என்றால் ஊரில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்களுடைய ஆட்சி என்பதே அன்றைய நிலை. பொதுப் பணத்தில் நடந்த பள்ளிக்கூடம் உயர்சாதித் தெருவில் வாடகை வீட்டில் இருந்தது. அந்தத் தெருவுக்குள் ஆதிதிராவிடப் பிள்ளைகள் நுழையக்கூடாது என்ற கட்டுப்பாடும் கூடவே இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கெனத் தொழிலாளர் இலாகா என்ற ராஜதானி அரசின் இலாகா தனிப் பள்ளிகளைத் தொடங்கவேண்டி வந்ததற்கும், அவற்றின் வாரிசாக இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் தனி இலாகாவின் கீழ் நடப்பதற்கும் மூலகாரணம், ஸ்தல சுயாட்சி தன் கதவை எல்லாருக்கும் திறக்கவில்லை என்பதே.

ஆனாலும், மேலிருந்து வருவதெல்லாம் உத்தமம் என்றும் சொல்வதற்கில்லை. 1953இல் ராஜாஜி அரசு கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டத்தை, எந்த ஊரையும் கேளாமல், ஓர் ஆணையில் புகுத்தியது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி நாடே எதிர்த்தபின், காமராஜர் முதலமைச்சரான 1954இல் அது கைவிடப்பட்டது. அதே காமராஜர் காலத்தில், கல்வி இயக்குநராயிருந்த நெ.து. சுந்தரவடிவேலு வேறொரு வழியைக் காட்டினார். மதிய உணவுத் திட்டத்துக்கு அரசு ஒரு பங்கும் ஊரார் ஒரு பங்கும் கொடுப்பதென்ற ஏற்பாடும், 1958 முதல் ஊர் ஊராக நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அவர் காலத்தவை. நம் செங்கற்பட்டு ஜில்லாவின் கடம்பத்தூரில் தொடங்கிய அந்த மாநாடுகளில், ஒருவர் கரும்பலகை, ஒருவர் மணி, ஒருவர் நாற்காலி, வசதியுள்ளவர் ஒரு கட்டடம் என்று ஊரார் மேடையேறிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சில பழைய பள்ளிகளின் சுவர்க்கடிகாரத்திலும் பீரோவிலும் "உபயம்" என்று எழுதிய பெயர் இன்றும் அழியாமல் இருப்பதைக் காணலாம். கோயிலுக்குக் கொடுக்கும் கை பள்ளிக்கும் கொடுக்கும் என்று அந்த மனிதர் நம்பினார், கொடுத்தார்கள்.

1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி, 1960-61இல் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது, ஜில்லா போர்டின் ஆரம்பப் பள்ளிகள் ஒன்றியங்களுக்கு வந்து சேர்ந்தன. மேலே சொன்ன பெயர்ப்பலகை அன்று எழுதப்பட்டது. ஒன்றியப் பெருந்தலைவரும் ஆணையரும் அடங்கிய நியமனக் குழுவே ஆசிரியரை நியமிக்கும்; மாற்றலும் அங்கேயே. அந்தத் தலைமுறை ஆசிரியர்களிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும். தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்த குற்றத்துக்காக ஒன்றியத்தின் மறுகோடிக்கு மாற்றப்பட்டவர்கள், பெருந்தலைவர் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறியவர்கள், ஒன்றிய நிதி வறண்ட மாதங்களில் சம்பளத்துக்குக் காத்துக் கிடந்தவர்கள் என்று அந்தக் கதைகள் நீளும். இந்த அவதியை முடித்து வைத்தது எம்.ஜி.ஆர். அரசு. 1981 ஜூன் முதல் தேதியிலிருந்து ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அனைவரும் அரசு ஊழியர்கள் ஆனார்கள். கருவூலத்திலிருந்து தேதி தவறாத சம்பளம், ஓய்வூதியம், பெருந்தலைவரின் கடைக்கண்ணுக்கு அஞ்ச வேண்டாத நிமிர்வு ஆகிய மூன்றும் ஒரே நாளில் வந்தன. அது நியாயமான காரியம். இன்று மறுபடியும் கேட்டாலும் நான் அதற்கே வாக்களிப்பேன்.

அந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 1970க்குப் பிறகு 1986 வரை தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஆகவே, ஒன்றியத்தின் கையிலிருந்து பள்ளிக்கூடத்தின் உயிர்நாடியை எடுத்துக்கொண்டபோது, "சரி, ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு எது மிஞ்சும்?" என்று கேட்பதற்கு ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆள் எவரும் அந்த நாற்காலிகளில் இல்லை. மிஞ்சியது கட்டடமும் நிலமும் பெயர்ப்பலகையும். பாகப்பிரிவினை முடியாத பூர்வீக வீட்டில், கூடத்தை ஒருவரும் கிணற்றை ஒருவரும் அனுபவித்துக்கொண்டு, ஓடு ஒழுகும்போது மட்டும் ஒருவரையொருவர் பார்ப்பார்களே, அந்த நிலை அன்று தொடங்கியது.

இன்றைய நிலையைத் தம்பி மகனுக்காகச் சற்றே விரித்துச் சொல்கிறேன். ஒன்றியப் பள்ளி ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது சென்னையிலுள்ள ஆசிரியர் தேர்வு வாரியம். மாற்றல், கலந்தாய்வின் மூலம். பாடத்திட்டம் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனத்தினுடையது, புத்தகம் பாடநூல் கழகத்தினுடையது. மேற்பார்வைக்கு வட்டாரக் கல்வி அலுவலர். அவருக்கு மேல் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர். அவருக்கு மேல் செங்கல்பட்டில் முதன்மைக் கல்வி அலுவலர். எல்லாருக்கும் மேல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், பழைய பெயரில் டி.பி.ஐ., 2022 முதல் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்னும் இடத்தில், தொடக்கக் கல்வி இயக்குநர். இந்த அலுவலர்களின் எல்லைகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2018இல் தொடக்கப் பள்ளியையும் உயர்நிலைப் பள்ளியையும் ஒரே மாவட்டக் கல்வி அலுவலரின் கீழ் கொண்டு வந்தார்கள், 2022இல் மீண்டும் பிரித்தார்கள். மாவட்டமே 1997இல் காஞ்சிபுரம் ஆகி, 2019இல் மறுபடி செங்கல்பட்டு ஆனது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழுக்கு இதனால் பாதகமில்லை. ஆனால் ஒழுகும் கூரைக்கு மனு எழுதியவருக்கு, அந்த மனு எந்த மேஜையில் இருக்கிறது என்பது தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய புதையல் ஆகிவிடுகிறது.

இதுவரை சொன்னது கல்வித்துறை மட்டும். கட்டடம், சுற்றுச்சுவர், கழிப்பறை என்றால் ஊரக வளர்ச்சித் துறைக்குப் போகவேண்டும். அதாவது, சிட்லபாக்கத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம். மதியச் சத்துணவு சமூகநலத் துறைக்குரியது. 2023 முதல் கிராமப் பள்ளிகளுக்கு வந்த காலைச் சிற்றுண்டியைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் கிராம ஊராட்சியினுடையவை. ஆக, காலை எட்டு மணிக்குப் பொங்கல் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் பாடம் கேட்டு, நடுவே தண்ணீர் குடித்து, பன்னிரண்டரைக்கு முட்டை சாப்பிடும் ஆறு வயதுக் குழந்தை, அரை நாளுக்குள் நான்கு இலாகாக்களின் பிரஜையாகிவிடுகிறது. ஒவ்வோர் இலாகாவும் தன்னளவில் ஒழுங்காகவே நடக்கலாம், நடக்கவும் செய்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் பதில் சொல்லும் நாற்காலி ஒன்று ஊருக்குள் இல்லை என்பதுதான் குறை.

அப்படி ஒரு நாற்காலி வேண்டும் என்று யாரும் சொல்லாமல் இல்லை. கோத்தாரி கமிஷன் 1966இல் ஜில்லாதோறும் பள்ளி வாரியம் வேண்டும் என்றது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஜில்லாக் கல்வி வாரியம் என்றது. 1993இல் அமலுக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று 29 விஷயங்களை அட்டவணையிட்டபோது, தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வியைப் பதினேழாவதாக எழுதி வைத்தது. ஒப்படைப்பதும் ஒப்படைக்காமல் இருப்பதும் மாநிலங்களின் இஷ்டம். கேரளம் 1995 அக்டோபரிலேயே அரசுத் தொடக்கப் பள்ளிகளைக் கிராமப் பஞ்சாயத்துகளிடமும் உயர்நிலைப் பள்ளிகளை ஜில்லாப் பஞ்சாயத்துகளிடமும் மாற்றியது. ஆசிரியர் சம்பளத்தையும் நியமனத்தையும் அரசே வைத்துக்கொண்டு, கட்டடம், ஆய்வுக்கூடம், கழிப்பறை, மாலை நேரப் பயிற்சி ஆகியவற்றைப் பஞ்சாயத்து தன் திட்ட நிதியிலிருந்து செய்துகொள்ள விட்டது. 1981இல் நாம் பெற்ற நியாயத்தையும் இழக்காமல், ஊராரின் கையையும் வெட்டாமல், நடுவழி ஒன்று இருக்கிறது என்பதற்கு வாளையாறு தாண்டினால் சாட்சி இருக்கிறது. நம் ராஜ்யத்தில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வந்தும், இந்த விஷயத்தில் பெயர்ப்பலகையை விட அதிகமாக எதுவும் ஒன்றியத்துக்குத் திரும்பவில்லை.

சட்டத்தின் வாசல் வழியே ஊரார் பள்ளிக்குள் நுழைய இன்று இருக்கும் ஒரே இடம், பள்ளி மேலாண்மைக் குழு. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்கிறது. பல வருஷம் ஏட்டளவில் உறங்கிய அந்தக் குழுக்களை 2022இல் தமிழ்நாடு அரசு தட்டியெழுப்பி, பெற்றோரைக் கூட்டித் தேர்ந்தெடுக்கச் செய்து, இருபது பேர் கொண்டதாக அமைத்தது. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து இருபத்துநான்கு ஆக்கியது. பெற்றோர் ஒருவரே தலைவர், தலைமையாசிரியர் ஒருங்கிணைப்பாளர், ஊராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. தீர்மானங்களைக் கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். ஏற்றிய தீர்மானம் மேலிடத்துக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றின் குழுக் கூட்டத்துக்குக் கல்வி ஆர்வலர் என்ற முறையில் என்னை அழைத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு அறையில், முழங்கால் உயரமே உள்ள பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தோம். தலைவி, நாகல்கேணியில் தோல் கம்பெனி ஒன்றில் செருப்பு மேல்பாகம் தைக்கிறவர். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் கூரைக்கு மேலே போகும்போதெல்லாம், பேசிக்கொண்டிருந்தவர் வாயை நிறுத்தி, சத்தம் ஓய்ந்தபின் விட்ட இடத்திலிருந்து பேசினார். அந்த அறையில் படிக்கும் பிள்ளைகளும் அப்படியே பழகியிருக்க வேண்டும். மோட்டார் எரிந்துபோய், கழிப்பறைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்பதே அன்றைய முதல் விஷயம். எழுதின மனு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய், "தங்கள் அளவிலேயே நடவடிக்கை எடுக்கவும்" என்ற குறிப்போடு பள்ளிக்கே திரும்பி வந்திருந்தது. தலைமையாசிரியை தீர்மானப் பதிவேட்டைத் திறந்தபோது, பின்வரிசையிலிருந்த ஒரு தாய், கோபமே இல்லாத குரலில், "டீச்சர், போன மாசமும் இதேதானே எழுதினோம்? தீர்மானம் போட்டா தண்ணி ஏறுமா?" என்று கேட்டார்.

அரசியல் சாஸ்திரப் புத்தகங்கள் அதிகாரப் பரவலாக்கம் என்ற அத்தியாயத்தில் பல பக்கங்களில் சொல்லாததை அந்தக் கேள்வி சொல்லிவிட்டது. குழுவுக்குப் பேச உரிமை உண்டு, எழுத உரிமை உண்டு, மூன்றாண்டுப் பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டவும் 22ஆம் பிரிவு கடமை விதிக்கிறது. செலவழிக்கக் கையில் இருப்பது பள்ளி மானியம் மட்டும். மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் அந்த மானியம் பிள்ளைகளின் தலைக்கணக்குப்படி வருகிறது: முப்பது பேர் வரை 10,000 ரூபாய், நூறு பேர் வரை 25,000, இருநூற்றைம்பது பேர் வரை 50,000. சுண்ணாம்பு அடிப்பதும் சாக்பீஸ் வாங்குவதும் கழிப்பறை சுத்தம் செய்யும் பொருள்களும் இதில்தான் அடங்கவேண்டும். இந்தத் தொகையாவது நிச்சயமா என்றால், 2024-25ஆம் ஆண்டில், பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடாத காரணத்தால் சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றுபோனதை எல்லாரும் பத்திரிகையில் படித்தோம். 1976இல் 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியதன் பலன், நம் மூன்றாம் வகுப்பு அறைச் சாக்பீஸ் வரை வந்து சேர்கிறது. டில்லியும் சென்னையும் வழக்காடும்போது, பொழிச்சலூர் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறென்ன செய்யும்?

மோட்டார் விஷயம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். தலைவியின் கம்பெனியில் உடன் வேலை செய்கிறவரின் அண்ணன், பம்மலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கம்பிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, கூலியில்லாமல் கட்டிக் கொடுத்தார். சுந்தரவடிவேலு காலத்து உபயம் செத்துவிடவில்லை என்று சந்தோஷப்படலாம்தான். எனக்கு அந்தச் சந்தோஷம் முழுசாக வரவில்லை. தர்மத்தில் ஓடும் மோட்டார் அடுத்த முறை எரியும்போது, அந்த அண்ணனுக்கு நேரம் இருக்கவேண்டுமே.

இங்கே, நம் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். அதில் வீட்டு வரியோடு கூட, நூலக வரி என்று பத்தில் ஒரு பங்கு இருக்கும். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948இல், சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின் விளைவு அது. ஊரார் கொடுக்கும் அந்தக் காசு நூலகத்துக்கென்றே தனிக் கணக்கில், மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. நூலகத்துக்கு நாம் வரி கொடுக்கிறோம் என்பதை முக்கால்வாசிப் பேர் கவனித்ததே இல்லை. ஆனால் அந்த வரியால்தான், அரசாங்கத்தின் மனநிலை எப்படி இருந்தாலும், ஊர் நூலகத்துக்குப் பத்திரிகை வந்து விழுகிறது. இதே மாதிரி, ஒன்றியப் பள்ளியின் கட்டடம், தண்ணீர், கழிப்பறை, காவலாள் ஆகிய நான்குக்கும், ஊராட்சியின் கணக்கில் தனித் தலைப்பில் ஒரு நிச்சயத் தொகையை ஒதுக்கி, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தின் பேரில் மட்டும் செலவழிக்கலாம் என்று விதி செய்தால் என்ன கெட்டுப்போகும்? எட்ஜ்வுட் கதை நினைவிருப்பதால், ஏழை ஊராட்சிக்கு அரசு ஈடு செய்யவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆசிரியர் நியமனத்தையும் மாற்றலையும் பாடத்தையும் மாநிலமே வைத்துக்கொள்ளட்டும். அவற்றில் ஊரார் கை வைக்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

இதை இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பொழிச்சலூரைத் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்க்கவேண்டும், சேர்க்கக்கூடாது என்ற பேச்சு டீக்கடையிலிருந்து கிராம சபை வரை நடக்கிறது. வீட்டு வரி ஏறும் என்று ஒரு கட்சி; பாதாளச் சாக்கடை வரும் என்று ஒரு கட்சி. பள்ளிக்கூடத்தைப் பற்றி எந்தக் கட்சியும் வாய் திறக்கவில்லை. சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, உள்ளே சேர்ந்த ஊர்களின் சாலையும் விளக்கும் குப்பையும் உடனே மாநகராட்சிக்குப் போயின, பள்ளிகள் போகவில்லை. மாநகராட்சியின் நடுவிலே ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்ற பெயரோடு, ஒன்றியமும் தன்னதென்று சொல்லாமல் மாநகராட்சியும் தன்னதென்று சொல்லாமல் அவை பல வருஷம் நின்றன. அப்படிப்பட்ட 139 பள்ளிகளை மாநகராட்சி ஏற்றுக்கொண்டு, தன் பள்ளிகளின் தொகையை 281இலிருந்து 420 ஆக்கியது, பதினோரு ஆண்டு கழிந்த பிறகுதான். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்ச் சேரும் காலம் அது.

அடுத்த கணக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 2016 அக்டோபரில் முடிந்த ஊராட்சிப் பதவிக்காலத்துக்குப் பிறகு, நம் மாவட்டத்தில் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில்தான். அந்த ஐந்தாண்டும் தனி அலுவலரின் ஆட்சி. பள்ளி மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிக்கென்று இருக்கும் இடத்தில் உட்கார அந்நாளில் ஆளே இல்லை. இப்போதுள்ள ஊராட்சியின் பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. அதற்குள் நடக்கும் கிராம சபைக் கூட்டம் ஒவ்வொன்றிலும், இணைப்பு வேண்டும் என்கிறவர்களும் வேண்டாம் என்கிறவர்களும் கூடவே ஒரு தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: ஊர் எந்த நிர்வாகத்தின் கீழ் போனாலும், போகிற அந்தத் தேதியிலேயே பள்ளிகளின் நிலமும் கட்டடமும் பராமரிப்பும் யாருடையவை என்று அரசாணையில் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். வாசகத்தை எழுதி வைத்திருக்கிறேன். தலைவி அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறார்: மோட்டார் பழுது பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதையும் தனியாகக் குறிப்பிட வேண்டுமாம்.